பி.எம்.பி. தேர்வும் தலைச்சோலைத் தோட்டமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பி.எம்.பி. தேர்வுக்குத் தயாராவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். "நீதான் பாஸ் பண்ணவனாச்சே, நீயே பேசு" என்றார் சங்கச் செயலாளர். பாஸ் பண்ணியது 2022 பிப்ரவரியில். அதற்கு முன் 2021 அக்டோபரில் அதே தேர்வில் ஃபெயில் ஆனேன். இதை என் வகுப்பு நண்பர்களிடம்கூடச் சொன்னதில்லை. நம் மலரில் வருஷா வருஷம் ஜெயித்த கதைதான் வருகிறது. ஒரு தோற்ற கதையும் அச்சேறட்டும்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பி.எம்.ஐ. என்பது 1969-ல் அமெரிக்காவில் தொடங்கிய திட்ட மேலாண்மை அமைப்பு. 1984 முதல் இந்தச் சான்றிதழைத் தருகிறது. நான் எழுதியபோது இருந்த விதிப்படி, நாலு வருஷ டிகிரி உள்ளவர்கள் கடைசி எட்டு வருஷத்தில் 36 மாதமாவது திட்டங்களை முன்னின்று நடத்தியிருக்க வேண்டும், 35 மணி நேரம் வகுப்பும் படித்திருக்க வேண்டும். கேள்விகள் 180, நேரம் 230 நிமிஷம். மாணவர்கள் இப்போதே அவசரப்பட வேண்டாம். அனுபவம் இல்லாதவர்களுக்கு சி.ஏ.பி.எம். என்று தனித் தேர்வு உண்டு.

முதல் தடவை நான் என்ன செய்தேன்? செமஸ்டர் பரீட்சைக்குப் படித்த மாதிரியே படித்தேன். பிம்பாக் கையேட்டின் ஆறாம் பதிப்பில் 49 செயல்முறைகள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே போவது என்ன, வெளியே வருவது என்ன என்று அட்டவணை போட்டு உருப்போட்டேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பரீட்சையில் அதை யாரும் கேட்கவில்லை. ரிசல்ட்டில் மார்க் வராது, பகுதிவாரியாகத் தரம் மட்டும் வரும். 'செயல்முறை' பகுதியில் இலக்கை எட்டியிருந்தேன். 'மக்கள்' பகுதியில் கடைசித் தரம். அப்போது நூற்றுக்கு 42 பங்கு அந்தப் பகுதிதான்! தேறினால்தான் ஆபீசில் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள் என்பதால், டாலரில் கட்டிய பணமும் போச்சு. அப்பாவிடம் "ரிசல்ட் இன்னும் வரலைப்பா" என்று ரெண்டு மாசம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிசம்பரில் வீட்டிலிருந்தே வேலை என்பதால் ஏற்காட்டுக்கு மேலே தலைச்சோலையில் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டேன். அவருக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம். நிழலுக்கு சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி. அது பழம் பறிக்கும் காலம். அராபிகா ஒரே நாளில் பழுக்காது. முதலில் பழுத்ததை மட்டும் பொறுக்கி, பிறகு பெரும்பறிப்பு, கடைசியில் மிச்சத்தை உருவி எடுப்பது என்று பல சுற்று நடக்கும்.

ஒரு நாள் காலையில் பறிக்க வந்த இரண்டு குழுவுக்குள் சண்டை. அன்று இரவு நான் போட்ட மாதிரித் தேர்விலும் ஏறக்குறைய அதே கேள்வி: குழுவில் இருவருக்குள் தகராறு, மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்? நான் குறித்த பதில், மேலதிகாரிக்குத் தெரிவிப்பது. ஆபீசில் பத்து வருஷமாக அதைத்தானே செய்கிறேன், ஒரு மெயில் தட்டிவிட்டால் நம் கை சுத்தம். விடை தப்பு.

சித்தப்பா காலையில் என்ன செய்தார் என்று யோசித்தேன். யாரையும் திட்டவில்லை. டீத்தூக்கை எடுத்துக்கொண்டு வரிசைக்கே போனார், இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசினார். கிலோ கணக்கில் கூலி. ஒரு பக்கத்து வரிசையில் பழம் அடர்த்தி, இன்னொரு பக்கம் பாதி காய். சண்டைக்குக் காரணம் ஆள் இல்லை, வரிசை. மறுநாளிலிருந்து வரிசையை மாற்றி மாற்றிக் கொடுத்தார். கேட்டதற்கு, "போய்ப் பாக்காம எப்படிடா தம்பி முடிவு பண்றது?" என்றார். அந்தக் கேள்விக்குச் சரியான விடையும் அதுதான்: இருவரையும் சந்தித்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது.

அதற்குப் பிறகு என் படிப்பே மாறிவிட்டது. ஒரு நோட்டு போட்டேன். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் நான் ஏன் அந்த விடையைத் தொட்டேன் என்று ஒரு வரி. 'பயந்து மேலே தள்ளினேன்', 'விசாரிக்காமல் மாற்றத்துக்குச் சம்மதித்தேன்', 'நானே செய்துவிடலாம் என்று நினைத்தேன்'. இந்த மூன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. நாளைக்கு முப்பது கேள்விக்கு மேல் போடவில்லை, விடை பார்க்கத்தான் அதிக நேரம் ஆனது. கேள்விகளில் பாதி 'அஜைல்', கலப்பு முறைகளைச் சேர்ந்தவை என்பதால் அதையும் தனியாகப் படித்தேன். பி.எம்.ஐ. காட்டும் உலகத்தில் மேலாளர் சொன்னால் எல்லோரும் காது கொடுத்துக் கேட்பார்கள். நம் ஆபீசில் அப்படியா என்று அங்கே உட்கார்ந்து விவாதம் பண்ணக் கூடாது. அந்த நாலு மணி நேரம் அவர்கள் ஊரில் குடியிருக்க வேண்டியதுதான்.

கணக்குக்குப் பயப்படாதீர்கள், குறைவாகத்தான் வரும். கையேட்டில் புரியாத 'எர்ன்ட் வேல்யூ'வைச் சித்தப்பாவின் களையெடுப்பில் போட்டுப் பார்த்தேன். 20 ஏக்கர், 10 நாள், ஏக்கருக்கு 3,000 ரூபாய் என்று வையுங்கள், மொத்தம் 60,000. ஐந்தாம் நாள் 10 ஏக்கர் முடிந்திருக்க வேண்டும், முடிந்தது 8. செலவு 32,000. செய்த வேலையின் மதிப்பு 24,000. அதைச் செய்திருக்க வேண்டிய 30,000-ஆல் வகுத்தால் 0.8, வேலை பின்தங்கியிருக்கிறது. செலவான 32,000-ஆல் வகுத்தால் 0.75, பணமும் கூடப் போகிறது. இதே போக்கில் போனால் 60,000-ஐ 0.75-ஆல் வகுக்க, 80,000 ஆகும். சித்தப்பா பேப்பரே இல்லாமல், "எம்பதாயிரம் இழுத்துடும்" என்றார்!

வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதலாம். மலையில் கரண்டையும் சிக்னலையும் நம்பி அந்த ஆபத்தை எடுக்கவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் ரயிலேறி, சென்னை மையத்தில் எழுதினேன். அறுபது கேள்விக்கு ஒரு முறை பத்து நிமிஷ இடைவேளை. போய்விட்டு வந்தால் முந்தைய கேள்விகளுக்குத் திரும்ப முடியாது. அதனால் அறுபதுக்கு 75 நிமிஷம் என்று கணக்கு வைத்தேன். ஒரு வருஷத்துக்குள் மூன்று தடவை எழுத அனுமதி உண்டு என்பதும் நெஞ்சுக்குக் கொஞ்சம் தெம்பு. தேறிய பிறகும் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை 60 புள்ளி சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். தேர்வின் அமைப்பையும் அவ்வப்போது மாற்றுகிறார்கள். அதனால் விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்குங்கள். என்னிடம் இருப்பது பழசு.

அந்தத் தப்பு நோட்டை மட்டும் கொண்டுவந்திருக்கிறேன். மழையில் நனைந்து ஓரமெல்லாம் காப்பிக்கறை. எழுத நினைப்பவர்கள் டீ இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம்.