ஜப்பானிய மொழியும் நம் குறில் நெடிலும்



ஆங்கிலத்தில் வல்லமை இல்லாதார்க்கு ஜப்பானிய மொழி எட்டாதென நம் இளைஞர் பலர் அஞ்சுகின்றனர். நாற்பது கடந்த யாமும் அவ்வாறே எண்ணி, ஆங்கில எழுத்திலமைந்த இணையப் பாடமொன்றைப் பற்றினோம். மூன்று திங்களும் கைப்பேசி எம்மைப் புகழ்ந்தவண்ணமிருந்தது. பின்னர் இணையவழி வாய்த்த ஜப்பானிய ஆசிரியை ஒருவரிடம் 'அத்தை' எனக் கூறப் புகுந்து 'பாட்டி' என்றுவிட்டோம். ஒபஸன் அத்தை, ஒபாஸன் பாட்டி. எம் பாடமோ நெடிலைக் காட்டவில்லை. மாணாக்கர்க்குக் குறில் நெடில் கற்பிக்கும் யாம் பெரிதும் நாணினோம்.

ஆதலின், ஹிரகானா என்னும் 46 எழுத்துக்களையே முதற்கண் எழுதிப் பழகுதல் வேண்டும். அதன்பின் தமிழிலக்கணமே கைகொடுக்கும். "மிஸு ஒ நொமு" என்பது 'நீரைப் பருகுவேன்'. ஒ என்பது நம் ஐயுருபின் தொழிலைச் செய்கின்றது. வினை இறுதியில் நிற்கின்றது. இதுகொண்டு இருமொழியும் ஓரினமெனத் துணிதல் வேண்டா. கற்றற்கு எளிதென்பதே எம் கருத்து.

ஜப்பான் பவுண்டேஷனார் 2016-இல் தொடங்கிய 'மினாதொ' இணையதளத்தில் பொருட்செலவின்றித் தாமே பயிலத்தக்க பாடங்கள் உள. ஆங்கில விளக்கத்தின் அருகே தமிழ் வேற்றுமையைக் குறித்துக்கொள்ளின் பொருள் தெளியும்.

அன்பர்களே, ஆங்கிலம் குறைந்ததென்று பிள்ளைகளைத் தடுத்தல் வேண்டா. தமிழை நிறையக் கற்பித்து அனுப்புங்கள்.