வாடா, வாங்க, யூ

(கோவையில் காலனி இளைஞர்கள் நடத்தும் இரவுப் பாடசாலையில், ஆங்கிலப் பேச்சு வகுப்பைத் தொடங்கிவைத்துப் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கிலீஷ் வகுப்பைத் தொடங்கிவைக்க என்னைத் தமிழ்ல பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்க. அது சரிதான். அந்த மொழி நமக்கு எதுக்குன்னு நம்ம பேச்சுலதான் முதல்ல பேசி முடிக்கணும்.

கொங்குத் தமிழ் மரியாதைக்குப் பேர்போனதுன்னு ஊரெல்லாம் சொல்றாங்க. ஏனுங்க, சரிங்க, வாங்க, போங்க. சினிமாவுல கோயமுத்தூர்க்காரர் வந்தா வசனத்துல நாலு 'ங்க' கூடச் சேர்த்துடுறாங்க. அந்த 'ங்க' யார் வாயிலிருந்து கிளம்பி யார்கிட்டப் போய்ச் சேருதுன்னு யாரும் கேட்கிறதில்லை. அறுபது வயசுப் பண்ணையத்தாளைப் பண்ணாடி வீட்டு ஆறு வயசுப் பையன் "டேய், இங்க வாடா" என்பான். தாத்தா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "வர்றனுங்க சாமி" என்பார். இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பாதிப் பேர் இருப்பீர்கள். மாமன், மச்சான், அப்பச்சி, அம்மிச்சி என்று எத்தனை முறைவைத்துக் கூப்பிடுகிற ஊர் இது! அதில் ஒரு சொல்லையாவது நாம் எடுத்து அவர்களைக் கூப்பிட விட்டார்களா? "அண்ணா"ன்னு கூப்பிட்டுட்டா, "யாருக்கு யாருடா அண்ணன்?"னு சண்டைக்கு வருவாங்க.

தமிழ்ல ஒருத்தரைக் கூப்பிடணும்னா, அவர் நமக்கு மேலா கீழான்னு முதல்ல எடைபோட்டாகணும். வா, வாங்க, வாடா. எடைபோடாமல் வாக்கியத்தை முடிக்க வழியில்லை. சாதி நம்ம வினைச்சொல்லோட வாலில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கிலீஷில் 'யூ' ஒன்றுதான். கலெக்டரும் யூ, கலெக்டர் ஆபீஸைக் கூட்டுகிற அம்மாவும் யூ. வெள்ளைக்காரன் பெருந்தன்மையில் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அவனிடமும் ரெண்டு இருந்தது. எளியவனுக்கு 'தௌ', பெரிய மனுசனுக்கு 'யூ'. பதினேழாம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்று ஒரு கூட்டம் இங்கிலாந்தில் கிளம்பியது. கடவுள் முன்னால் எல்லாரும் ஒன்று என்றார்கள். நீதிபதியானாலும் பிரபுவானாலும் 'தௌ'தான், தொப்பியையும் கழற்ற மாட்டோம் என்றார்கள். அதற்காக அடியும் பட்டார்கள், ஜெயிலுக்கும் போனார்கள். கடைசியில் பேச்சு வழக்கில் 'தௌ' மறைந்து, உசந்தவனுக்கு வைத்திருந்த 'யூ' எல்லாருக்கும் வந்துசேர்ந்தது. அதாவது எல்லாரும் 'நீங்க' ஆனார்கள். ஈரோட்டுப் பெரியாரும் சின்னப் பிள்ளைகளைக்கூட வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார் என்று பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம்ம மொழியிலும் முடியாத காரியமில்லை. செய்ய மனசில்லை, அவ்வளவுதான்.

இங்கிலீஷ் நமக்குப் புதுசும் இல்லை. 'பட்லர் இங்கிலீஷ்' என்று கேலி பேசுவார்களே, அது யார் பேசிய இங்கிலீஷ்? சென்னை ராஜதானியில் துரை வீட்டுச் சமையலறையிலும் லாயத்திலும் வேலை செய்தவர்கள் பேசியது. அதில் நம்மாட்கள் நிறையப் பேர். ஏவல் மட்டுமே காதில் விழுந்த இடத்தில், புத்தகமில்லாமல், வாத்தியாரில்லாமல் அவர்களே கட்டிக்கொண்ட பேச்சு. அதற்கும் இலக்கணம் இருந்தது. 'ஐ டெல்லிங்' என்றால் சொல்லப்போகிறேன். 'ஐ டன் டெல்' என்றால் சொல்லிவிட்டேன். 1886இல் வந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியே இதைக் குறித்து வைத்திருக்கிறது, கொஞ்சம் இளக்காரத்தோடு. அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன், அரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். அவர் கொடுத்த குறள் ஏட்டுச்சுவடிதான் எல்லீஸ் துரை கைக்குப் போய் அச்சானது என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். இனிமேல் எவனாவது பட்லர் இங்கிலீஷ் என்று சிரித்தால், இதையும் அவனுக்குச் சொல்லுங்கள்.

இப்போ பாடத்துக்கு வர்றேன். பஸ் ஸ்டாண்டுல விக்கிற முப்பது நாள் புத்தகத்திலிருந்து ரேபிடெக்ஸ் வரைக்கும், பேச்சு இங்கிலீஷ் புத்தகம் எதை எடுத்தாலும் அறிமுகப்படலம் ஒண்ணு இருக்கும். வாட் இஸ் யுவர் நேம்? வேர் ஆர் யூ ஃப்ரம்? வாட் இஸ் யுவர் ஃபாதர்? மை ஃபாதர் இஸ் எ டாக்டர். யார் அப்பா டாக்டர்? பேரு, ஊரு, அப்பா என்ன வேலை, எந்தத் தெரு. இந்த வரிசையை நமக்குத் தெரியாதா என்ன? டீக்கடையில் டம்ளரை எடுக்கிறதுக்கு முன்னால் கேட்கிற கேள்விகள்தானே!

ரெட்டமலை சீனிவாசன் இந்தக் கோயமுத்தூரில்தான் படித்தார். சுமார் நானூறு பிள்ளைகளில் பத்துப் பேர் போக மற்றவர்களெல்லாம் பிராமணர்கள் என்று தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். சிநேகம் வைத்தால் குடும்பம், இருப்பிடம் எல்லாம் தெரிந்து சாதி வெளிப்பட்டுவிடும், தாழ்வாக நடத்துவார்கள் என்று பயந்து, பள்ளிக்கு வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவாராம். ஒரு அறிமுகப் பேச்சுக்குப் பயந்து அந்தப் பையன் வெளியே நின்றான். அவர்தான் பிறகு தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார்.

இன்றைக்கும் அந்தப் பயம் போகவில்லை. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு நம்ம பிள்ளைகள் கூடுதலாகக் கல்லூரிப் படி ஏறுகிறார்கள். வேலை நேர்காணலில் 'டெல் மி அபவுட் யுவர்செல்ஃப்' என்று கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இலக்கணம் தெரியாமலா? அப்பாவை என்னவென்று சொல்வது என்று தெரியாமல். அதனால நம்ம வகுப்புல முதல் வாக்கியம் இதுதான்: "மை ஃபாதர் இஸ் எ சானிட்டேஷன் ஒர்க்கர் இன் தி கார்ப்பரேஷன்." தலையைக் குனியாம, முழுசா, சத்தமாச் சொல்லிப் பழகணும். சொல்ல இஷ்டமில்லாத இடத்துக்கு இன்னொண்ணு: "ஐ வுட் ராதர் டாக் அபவுட் மை ஒர்க்." என் வேலையைப் பத்திப் பேசுவோம்னு அர்த்தம். ரெண்டும் தெரிஞ்சிருக்கணும். எதைச் சொல்றதுன்னு பிள்ளைதான் முடிவு பண்ணணும்.

குட் மார்னிங், தேங்க் யூ எல்லாம் தானா வந்துடும். நமக்கு வேண்டியது வேற சில. ப்ளீஸ் கிவ் இட் இன் ரைட்டிங். எழுத்தில் கொடுங்கள். ஐ வில் ரீட் இட் பிஃபோர் ஐ சைன். படித்த பிறகுதான் கையெழுத்து. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்களுக்கு இது முக்கியம். டோன்ட் கால் மி தட். அப்படிக் கூப்பிடாதே. பொது இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் வருசத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காசில்லாமல் கொடுத்தாகணும். அதைத் தமிழிலேயே கேளுங்கள். ஸ்டேஷனில் இங்கிலீஷ் பேசினால் நாற்காலி போடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த நாற்காலி மொழிக்குப் போட்டது இல்லை. இவன் வேற சாதியா இருப்பானோங்கிற சந்தேகத்துக்குப் போட்டது.

உத்தரப்பிரதேசத்தில் பங்கா என்கிற ஊரில் 2010இல் சந்திரபான் பிரசாத்தும் தோழர்களும் இங்கிலீஷை ஒரு தேவியாக்கிக் கோயில் கட்ட முனைந்தார்கள். அவர்கள் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நமக்குச் சாமி வேண்டாம். இங்கிலீஷிலும் 'சார்' இருக்கிறது, வாக்கியத்துக்கு மூணு தடவை சொல்ல வைத்துவிடுவார்கள். ஒரு தடவை போதும்.

நாளைக்கு ஏழரை மணிக்கு வகுப்பு. நோட்டு, பென்சில் கொண்டுவாங்க. தாய்மார்களும் உள்ளே வந்து உட்காருங்க, பாய் போட்டிருக்கு. வகுப்புக்குள்ள யாரும் யாரையும் வாடா போடான்னு கூப்பிடக்கூடாது, வாத்தியாரும்தான்.