டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு சாண்

நான் ஆலங்குளத்துக்காரன். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை. அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம். லாரியையும் புழுதியையும் பார்த்து வளர்ந்த ஊர். எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலருக்கு வண்டிப் பைத்தியம் முற்றிப்போய், கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக்கோ ஓட்டிப் பார்க்கணும் என்று கிளம்பிவிடுவார்கள். கிளம்பும் முன் வண்டியைக் காட்டுவார்கள். சைலன்சரைக் காட்டுவார்கள், டயரைக் காட்டுவார்கள். நான் குனிந்து டேங்குக்கு அடியில் பார்ப்பேன். அங்கே ஒரு சாண் நீளத்துக்கு ஒரு பெட்ரோல் டியூப் இருக்கும். அதை வைத்தே வண்டி கட்டியவனை எடைபோட்டுவிடலாம் என்பது என் எண்ணம். இன்றைய பேச்சு அந்த ஒரு சாணைப் பற்றித்தான்.

இந்தப் புத்தி எனக்குப் பட்டுத்தான் வந்தது. வயசுக் காலத்தில் என்னிடம் ஒரு ஆர்எக்ஸ் 100 இருந்தது. கறுப்பு டியூபைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்ரோல் ஓடுவது தெரியட்டும் என்று கண்ணாடி மாதிரி ஒரு டியூப் போட்டேன். கொத்தனார் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிப் பிடிப்பாரே, அதே டியூப்தான். ஒரு மாதம் ஜோராக இருந்தது. அப்புறம் மஞ்சளித்தது, விறைத்தது. ஒருநாள் சிவகாசி ரோட்டில் போகும்போது கார்புரேட்டர் முனையிலிருந்து வழுக்கிக் கழன்றுவிட்டது. தொடையெல்லாம் பெட்ரோல். கீழே கொதிக்கிற பெண்ட் பைப். இறங்கி ஓடினேன். தீப்பிடிக்கவில்லை, அது என் சாமர்த்தியம் இல்லை.

நடந்தது என்னவென்று ராஜபாளையத்தில் ஒரு பழைய மெக்கானிக் விளக்கினார். சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், பந்தயம் நடந்த நாளிலேயே வண்டி தயார் செய்தவர். பிவிசி டியூபை வளையச் செய்வதே அதில் கலந்திருக்கிற ஒரு எண்ணெய்ப் பொருள்தான். பெட்ரோல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்துவிடும். மிஞ்சுவது சுருங்கின வெறும் பிளாஸ்டிக். ஆஸ்பத்திரி டிரிப் டியூபை மாட்டுகிறவர்களுக்கும் இதே கதிதான். சைக்கிள் டியூப் ரப்பருக்கு நேர்மாறான வியாதி. அவர் ஒரு துண்டை வெட்டி, பெட்ரோல் ஊற்றின மூடியில் போட்டுவைத்தார். மறுநாள் பார்த்தால் ஊறின ஜவ்வரிசி மாதிரி உப்பிக் கிடந்தது. நீல நிறத்தில் பளபளக்கும் சிலிக்கான் டியூப் இருக்கிறதே, அதையும் பெட்ரோல் உப்ப வைக்கும். ரேடியேட்டர் தண்ணீருக்கு அது தங்கம், பெட்ரோலுக்கு ஆகாது.

அப்படியானால் எதைப் போடுவது? கார்புரேட்டர் வண்டிக்கு, உள்ளே நைட்ரைல் ரப்பரும் நடுவே நூல் பின்னலும் உள்ள கறுப்பு ஹோஸ் போதும். டைகான் என்று ஒரு மஞ்சள் டியூப் வருகிறது. பெட்ரோலுக்கென்றே செய்தது, உள்ளே குமிழி ஓடினாலும் தெரியும். அதுவும் நாளாவட்டத்தில் விறைக்கும். பந்தய வண்டியில் சீசனுக்கு ஒரு தடவை மாற்றிவிட வேண்டியதுதான். இப்போது இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொண்டது. 2023-இலிருந்து பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கிவிட்டது. 1985-க்கும் 1996-க்கும் நடுவில் வந்த ஆர்எக்ஸ் 100-இன் ரப்பர் இந்தக் கலவையை நினைத்துச் செய்ததில்லை. பழைய ஸ்டாக் டியூப் கிடைத்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் வாங்காதீர்கள்.

ஊசி போடுகிற வண்டி, அதாவது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் கணக்கே வேறு. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தானாக இறங்குகிறது. அந்த அழுத்தம் அரை பிஎஸ்ஐ-கூட வராது. இன்ஜெக்‌ஷனில் பம்பு தள்ளுகிறது, பல வண்டிகளில் 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐ அளவுக்கு. உங்கள் பின் டயரில் அடிக்கிற காற்றைப்போல ஒன்றரை மடங்கு. அந்த லைனில் பத்து ரூபாய்ப் பிளாஸ்டிக் ஃபில்டரைச் செருகினால் ஒழுகாது, பீச்சும். ஹோஸின் மேலேயே எழுதியிருக்கும், படித்து வாங்குங்கள்: எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்றால் கார்புரேட்டருக்கு, ஆர்9 என்றால் இன்ஜெக்‌ஷனுக்கு. எழுத்தே இல்லாத ஹோஸை நான் தொடுவதில்லை.

ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸைப் பற்றிச் சொன்னால் பையன்களுக்குக் கோபம் வரும். பார்க்க ராஜா மாதிரி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பின்னல் ஒரு அரம். பக்கத்தில் ஓடுகிற வயரை, சேஸிஸ் பெயிண்டை, டேங்கின் அடித்தகட்டைக்கூட அதிர்வில் அறுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே ரப்பர் வெடித்திருந்தால் வெளியே தெரியாது. உள்ளே டெஃப்லான் உள்ளது வாங்கினால் வெடிப்புக் கவலை இல்லை. ஆனால் கூர்மையாக மடக்கினால் மடிந்துபோகும், பிறகு நிமிராது. அதிலும் கரி கலந்த கறுப்பு டெஃப்லானாகப் பார்த்து வாங்க வேண்டும். வேகமாக ஓடுகிற பெட்ரோல் வெள்ளை டெஃப்லானில் மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும். பட்டாசு ஆலைக்கு நைலான் சேலை கட்டிக்கொண்டு போகக்கூடாது என்று ஏன் சொல்கிறார்கள் என்பது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே சமாச்சாரம்தான்.

சரக்கு பாதி என்றால் மாட்டுகிற கை மீதிப் பாதி. அந்த மெக்கானிக் ஹோஸை வெட்டுவதைப் பார்க்க வேண்டும். கட்டிங் பிளேயர் கிட்டே வராது. புது பிளேடு, ஒரே இழுப்பு, முனை நேராக நிற்கும். நல்லெண்ணெய் தடவி முனையைக் கார்புரேட்டர் மூக்கில் செருகுகிறவர்கள் உண்டு. அவர் ஒரு சொட்டுப் பெட்ரோல்தான் தொடுவார். முனை முழுக்க ஏறி, மூக்கின் புடைப்பைத் தாண்டிய பிறகுதான் கிளிப். புடைப்பின் மேலேயே கிளிப் உட்கார்ந்தால் அது பிடிப்பதாகப் பாவனைதான் செய்யும். சின்ன டியூபுக்குத் திருகுக் கிளிப் போட்டு முறுக்கவே மாட்டார். அது வட்டமாக இறுகாமல் ரப்பரைக் கடித்துவிடும். ஸ்பிரிங் கிளிப் ரப்பர் சுருங்கினால் தானும் கூடவே சுருங்கும் என்பார். இன்ஜெக்‌ஷன் லைனுக்கு மட்டும் அதற்கென்றே வருகிற, ஓரம் மடித்த கிளிப்.

போகிற வழியும் முக்கியம். சிலிண்டரை ஒட்டிப் போனால் நம் ஊர் வெயிலில் பெட்ரோல் உள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். நடுவில் ஒட்டக முதுகு மாதிரி மேடு இருந்தால் அங்கே குமிழி குடியிருக்கும். இழுத்துக் கட்டக்கூடாது, என்ஜின் அதிரும்போது இடம் வேண்டும். தொங்கவும் விடக்கூடாது, வண்டி சாய்ந்து விழும்போது தரை பிடித்து இழுக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டி விழுந்தால் சாய்வை உணர்ந்து பம்பை நிறுத்த ஒரு சென்சார் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டிக்கு யாரும் நிறுத்தித் தரமாட்டார்கள். டேங்குக்கு அடியில் இருக்கிற பெட்ரோல் காக்கை நீங்கள் மூடுகிற வரை ஓடிக்கொண்டேதான் இருக்கும். டேங்க் மூச்சுவிடுகிற டியூபையும் மறக்கக்கூடாது. எஃப்ஐஎம் என்கிற உலக மோட்டார்சைக்கிள் சம்மேளனத்தின் சாலைப் பந்தய விதியில், அதற்கு ஒருவழி வால்வும், வழிவதைப் பிடிக்கக் குறைந்தது 250 சிசி டப்பாவும் கேட்கிறார்கள். பின்னால் வருகிறவனின் டயருக்கு அடியில் உங்கள் பெட்ரோல் கிடக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அவரிடம் ஒரு பழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு டேங்கிலேயே டூ-டி ஆயில் கலந்து ஓட்டுகிற டூ-ஸ்ட்ரோக் பந்தய வண்டி என்றால், வேலை முடிந்ததும் அடியில் பழைய தினத்தந்தி ஒரு தாளை விரிப்பார். காக்கைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அரை மணி நேரம் கழித்து வந்து வண்டியைப் பார்க்கமாட்டார், தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். சொட்டின பெட்ரோல் அதற்குள் பறந்திருக்கும், ஆயில் பறக்காது. எழுத்துகளுக்கு நடுவே பொட்டளவு ஒரு எண்ணெய் வட்டம் தெரிந்தாலும் ஒரு வார்த்தை பேசாமல் பிளேடை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிடுவார்.