அறுவை சிகிச்சைக்குப் பின் அப்பா ஏன் உளறுகிறார்?

இருதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்தாருக்கு உயிர் வருகிறது. ஓரிரு நாள் கழித்து, இரவு நேரத்தில், நோயாளி பெற்ற மகனையே யாரென்று கேட்கிறார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். குழாய்களைப் பிடுங்கப் பார்க்கிறார். அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பிள்ளைகள் கலங்குகிறார்கள். மந்திரிக்க ஆள் தேடும் உறவினர்களும் உண்டு.

இதற்கு மருத்துவத்தில் டிலிரியம் என்று பெயர். திடீர்ச் சித்தக்குழப்பம் எனலாம். இது பைத்தியம் அல்ல. காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் உளறுவார், மறுபடி தெளிவார். இருதய அறுவைக்குப் பின் முதியவர்களிடம் இது அடிக்கடி காணப்படுவதுதான்.

65 வயதைத் தாண்டியவர்கள், முன்பே பக்கவாதம் வந்தவர்கள், ஞாபக மறதி, மனச்சோர்வு, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். அமெரிக்க மருத்துவர் ஜான் கிப்பன் 1953இல் முதன்முதலாக வெற்றிகரமாகப் பயன்படுத்திய இருதய-நுரையீரல் இயந்திரம் இன்றும் பெரும்பாலான அறுவைகளுக்குத் தேவைப்படுகிறது. அதில் நோயாளி இருக்கும் நேரம் நீண்டால் ஆபத்து கூடும். பைபாசும் வால்வு மாற்றமும் ஒன்றாகச் செய்வது, அவசர அறுவை, நீண்ட செயற்கைச் சுவாசம், சிலவகை மயக்க மருந்துகள், வலி, தூக்கமின்மை ஆகியவையும் காரணங்களே.

இவற்றை மருத்துவர்கள் தாமே அறிவார்கள். வீட்டார் சொன்னால்தான் தெரியும் விஷயங்களும் உண்டு. முதலாவது குடிப்பழக்கம். "எப்போதாவது ஒரு பீர்" என்பார் நோயாளி. பக்கத்தில் நிற்கும் மனைவி, மாமியார் முன்னால் வாய் திறக்கமாட்டார். தினமும் குடித்தவருக்கு அது திடீரென நின்றுபோனால் இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு, கடும் குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முன்கூட்டியே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுக்க முடியும். மானத்துக்குப் பயந்து மறைப்பது இங்கே வீண். அறுவைக்கு நாள் குறித்ததும் தாமாகவே சட்டென நிறுத்துவதும் சரியல்ல. மருத்துவரைக் கேட்டே செய்யவேண்டும். பல வருடங்களாகத் தூக்க மாத்திரை சாப்பிடுவதையும், அண்மையில் கடைக் கணக்குத் தவறுவதையும், வழி மறப்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கூச்சல் போடுபவரை எல்லாரும் கவனிப்பார்கள். பேசாமல் சுருண்டு கிடப்பவரைக் களைப்பு என்று விட்டுவிடுவார்கள். அதுவும் டிலிரியமாக இருக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில், சில எழுத்துகளை வாசித்து, 'ஏ' என்று கேட்கும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்லிச் சோதிப்பது உண்டு. தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டியிடம் இதை ஆங்கிலத்தில் கேட்டால் என்ன தெரியும்? வீட்டார் ஒருவர் அருகிலிருந்து மொழிபெயர்த்தால் தாதியருக்குப் பெரிய உதவி.

மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி இரண்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள். இன்று என்ன கிழமை, இது எந்த இடம், யார் வந்திருக்கிறார்கள் என்று தமிழிலேயே மெதுவாகச் சொல்லுங்கள். இல்லாத பூச்சியைப் பற்றி வாதாட வேண்டாம். குழப்பம் தொடங்கியதும் தாதியிடம் தெரிவியுங்கள். கிருமித்தொற்றோ பிராணவாயுக் குறைவோ அடியில் இருக்கலாம்.

பெரும்பாலோருக்குச் சில நாட்களில் தெளிந்துவிடும். சிலருக்கு மறதியும் கவனக்குறைவும் மாதக்கணக்கில் நீடிக்கும். அப்படியிருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது காயத்தைக் காட்டுவதோடு இதையும் சொல்லுங்கள்.