ஆறிப்போன வழக்குகள்

ஸ்காட்லாந்தின் வடகோடியில் விக் என்று ஒரு சிறிய துறைமுக ஊர் உண்டு. அவ்வூர்க் காவல் நிலையத்தின் சன்னலோரத்தில் ஒரு புட்டி ஆண்டுக்கணக்கில் கிடந்தது. மீனவர் வலையில் சிக்கிக் கரைக்கு வந்த புட்டி அது. உள்ளே ஒரு காகிதம் சுருண்டிருந்தது. ஆயினும் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. நெடுநாள் கழித்து அதைத் திறந்தபோது, இரத்தத்தால் எழுதப்பட்ட கடிதம் ஒன்று வெளிவந்தது. எழுத்துக்களிற் பெரும்பாலானவை அழிந்துபோயிருந்தன. டேனிஷ் மொழியில் அமைந்த அதன் முதற்சொல்லைப் படிக்க முடிந்தது. ‘உதவி’ என்பதே அச்சொல்.

நேயர்களே, இது மெய்யாக நடந்ததன்று. டென்மார்க் நாட்டு எழுத்தாளர் யூசி ஆட்லர்-ஓல்சன் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட துப்பறியும் நாவல் ஒன்றில் வரும் கற்பனை. ‘கியூ இலாகா’ என்னும் வரிசையில் அது மூன்றாவது நூல். முதல் நூல் 2007-இலும் பத்தாவது நூல் 2023-இலும் வெளிவந்தன. பதினாறு ஆண்டுகள்! கல்லூரியில் முதல் நூலைக் கையில் எடுத்த இளைஞர் ஒருவர், பத்தாவதைப் படிக்கும்போது தம் பிள்ளையைப் பள்ளியிற் சேர்த்திருக்கக்கூடும். அத்தனை காலம் வாசகரை விடாமற் பிடித்து வைத்தது எது என்பதைக் குறித்தே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில், அந்த இலாகா தோன்றிய கதை. துப்புத் துலங்காமற் கைவிடப்பட்ட பழைய வழக்குகளை ஆராயத் தனிப் பிரிவு ஒன்று வேண்டும் என்று அரசியல்வாதிகள் பணம் ஒதுக்குகிறார்கள். கோபன்ஹேகன் போலீசில் கொலை வழக்குப் பிரிவின் தலைவருக்கு அந்தப் பணத்தின் மேல் ஒரு கண். எவரோடும் ஒத்துப்போகாத கார்ல் மோர்க் என்னும் அதிகாரியின் மேல் ஒரு சலிப்பு. மோர்க்கைக் கட்டடத்தின் நிலவறைக்கு அனுப்பிவிட்டு, பணத்திற் பெரும்பகுதியைத் தம் பிரிவுக்கே திருப்பிக்கொள்கிறார். அரசாங்க அலுவலகங்களை அறிந்தவர்களுக்கு இது டென்மார்க்கில் மட்டும் நடக்கும் விந்தையாகத் தோன்றாது. மோர்க்கும் நிலவறையில் மேசைமேற் காலை நீட்டிக்கொண்டு பொழுதைப் போக்குகிறார். தரையைத் துடைக்கவும் வண்டி ஓட்டவும் அமர்த்தப்பட்ட அசாத் என்பவரே, சும்மா இருக்க மனமின்றித் தஸ்தாவேஜுக் கட்டுகளைப் பிரித்துப் படிக்கிறார்.

அப்படிப் பிரித்த கட்டுகளுள் ஒன்று, 2002-இல் கப்பற் பயணத்தின்போது மறைந்துபோன ஒரு பெண் அரசியல்வாதியைப் பற்றியது. கடலில் வீழ்ந்து இறந்திருப்பாள் என்று முடிவு கட்டியிருந்தார்கள். இங்கேதான் ஆசிரியரின் திறம் வெளிப்படுகிறது. 2007-இல் மோர்க் செய்வதை ஓர் அத்தியாயத்திலும், 2002 முதல் அப்பெண்ணுக்கு நேர்ந்ததை மற்றோர் அத்தியாயத்திலும் மாறி மாறிச் சொல்கிறார். அவள் கடலில் மூழ்கவில்லை, எங்கோ அடைபட்டுக் கிடந்தாள் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது, மோர்க்குக்குத் தெரியாது. அவர் நிதானமாக ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தால் நமக்குப் பதைக்கிறது. முடிவு என்ன என்பதை நான் சொல்லப் போவதில்லை.

பழைய கொலையைத் துப்பறியும் கதை புதிதன்று. அகதா கிறிஸ்டி 1942-இலேயே ‘ஐந்து சிறு பன்றிகள்’ என்னும் நாவலில், பதினாறு ஆண்டுகளுக்கு முன் நடந்த கொலையை ஹெர்க்யூல் பொய்ரோ ஆராய்வதாக எழுதினார். தண்டனை பெற்ற தாய் சிறையிலேயே இறந்துவிட்டாள். உண்மையை அறிய விரும்புகிறவள் மகள். மிக அழகிய நாவல். ஆனால் அங்கே பழமை அசையாமல் நிற்கிறது. சதுரங்கப் பலகையைப் போல் அதைச் சுற்றி வந்து பார்க்கலாம். ஆட்லர்-ஓல்சனிடம் பழமை இன்னும் மூச்சு விடுகிறது. வழக்கு ஆறிப்போயிற்று என்கிறோமே, ஆறியது காவலர்களின் அக்கறைதான். உள்ளே கிடப்பவளுக்கு எதுவும் ஆறவில்லை. புட்டி சன்னலில் இருந்த ஒவ்வொரு நாளும் கடிதத்தில் ஓர் எழுத்து அழிந்தது அல்லவா? அந்த அழிவுதான் இக்கதைகளின் வேகம்.

தொடராக நீள்வதிலும் ஒரு பயன் உண்டு. 1920-இல் அறிமுகமான பொய்ரோ, அரை நூற்றாண்டுக்கு மேல் ஏறக்குறைய அதே வயதில் உலவினார். மோர்க் அப்படியல்லர். முதல் நூல் தொடங்குமுன்பே அவரும் இரு தோழர்களும் சுடப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் இறந்தார், ஹார்டி என்பவர் உடல் முழுவதும் செயலிழந்து படுத்தார், மோர்க் ஏறத்தாழக் காயமின்றித் தப்பினார். பிறகு ஹார்டியைத் தம் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கிறார். ஊரார் வழக்குகளை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போகும் மனிதரின் சொந்த வழக்கு மட்டும் நூலுக்கு நூல் திறந்தே கிடக்கிறது. பத்தாவது நூலில்தான் அதன் கணக்குத் தீர்கிறது. அங்கே மோர்க்கே சிறையறையில் இருக்கிறார். இந்தப் பாக்கியைத் தீர்க்கவே பலர் அடுத்த நூலுக்குக் காத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன், நான் காத்திருந்தேன்.

குறைகளும் இல்லாமலில்லை. தற்செயல் நிகழ்ச்சிகள் அளவுக்கு மிஞ்சி வருகின்றன. கொடுமையை வருணிக்கும் பக்கங்கள் சில இடங்களில் நீண்டுவிடுகின்றன. அவற்றை நான் விரைந்து புரட்டிவிட்டேன். பிற்கால நூல்கள் முதல் நான்கினை எட்டவில்லை என்பதும் என் கருத்து.

அந்த நான்காவது நூலைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. 2010-இல் வெளிவந்த அதன் பெயர் ‘ஜர்னல் 64’. கதையில் வரும் மனிதர்கள் கற்பனை, இடம் மெய்யானது. டென்மார்க்கின் இரு பெருந்தீவுகளுக்கு இடையே ஸ்ப்ரோகோ என்னும் சிறு தீவு இருக்கிறது. 1923 முதல் 1961 வரை, ஒழுக்கம் தவறியவர்கள் என்றும் அறிவு குறைந்தவர்கள் என்றும் முத்திரை குத்தப்பட்ட இளம்பெண்களை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். நீதிமன்றத் தீர்ப்பு இல்லை. இத்தனை ஆண்டு என்ற கணக்கும் இல்லை. கருத்தடை அறுவைக்கு இசைந்த பிறகே பலருக்கு விடுதலை கிடைத்தது. இதைச் செய்தவர்கள் கொலைகாரர்கள் அல்லர், மருத்துவர்களும் அதிகாரிகளும். கட்டுகள் ஒழுங்காகவே இருந்தன; எண்ணும் இடப்பட்டிருந்தது. அரசின் அத்தகைய விடுதிகளில் வைக்கப்பட்டிருந்தவர்களிடம் டென்மார்க் அரசு மன்னிப்புக் கேட்டது 2023-இல்தான்.

இப்பொழுது அத்தீவின் வழியே பெரும் பாலம் செல்கிறது. 1997 முதல் இரயிலும் 1998 முதல் மோட்டார் வண்டிகளும் ஓடுகின்றன. பயணிகள் கணப்பொழுதில் அதைக் கடந்துவிடுகிறார்கள். ‘ஜர்னல் 64’ படித்தவர் எவரேனும் அந்த வண்டியில் இருந்தால், சன்னற்பக்கம் திரும்பி, அந்தப் பழைய கட்டடங்கள் எங்கே என்று தேடக்கூடும்.