வழிகாட்டி நூல் எழுதுவதும் தொண்டே
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

நம் பள்ளிக் கணினிகளில் உள்ள லிப்ரே ஆபீஸ் காசு கொடுத்து வாங்கியதல்ல. 2010-ஆம் ஆண்டில் ஓப்பன் ஆபீசிலிருந்து பிரிந்து, பல நாட்டுத் தொண்டர்கள் கூடி வளர்த்து வரும் திறந்த மூல மென்பொருள் அது. யாரும் அதன் நிரலைப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ஆனால் கதவு திறந்திருந்தால் மட்டும் போதுமா? உள்ளே போக வழி தெரிய வேண்டாமா?

சென்ற ஆண்டு கணினிக் கழக மாணவர்களும் நானும் அதற்குத் தமிழில் ஒரு கையேடு எழுதினோம். திரையில் கட்டளைகள் இருக்கும் வரிசையிலேயே நாற்பது பக்கம்! எங்களுக்கு ஒரே பெருமை. ஒருநாள் மாலை, வேலை முடிந்து வந்த தாயார் ஒருவர் அதைப் புரட்டினார். "சார், மகளுக்கு உதவிப் பணம் கேட்டு ஒரு கடுதாசி எழுதணும். அது எந்தப் பக்கத்துல இருக்கு?" என்றார். அப்படி ஒரு பக்கமே இல்லை. வேண்டிய செய்திகள் நாலு இடத்தில் சிதறிக் கிடந்தன. "எனக்குத்தான் படிப்பு பத்தல சார்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். குறை அவருடையதா? இல்லை, எங்களுடையது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். இணையத் தளம் அமைப்போருக்கான ஜாங்கோ என்னும் திறந்த மூல மென்பொருள் 2005-இல் வெளிவந்தது. அதன் வழிகாட்டி நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பெரியோர்களே, அந்த நான்கும் நம் செம்பனைக் காட்டிலேயே இருக்கின்றன.

புதிதாக வந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு குலையை வெட்டிப் பழக்குகிறோமே, அது பயிற்சிப் பாடம். "உசந்த மரத்துக் குலையை எப்படி இறக்குறது?" என்று கேட்பவருக்கு அதை மட்டும் சொல்வது செய்முறை. எந்தக் காட்டில் எத்தனை மரம் என்று கிராணியின் புத்தகத்தைப் பார்ப்பது தகவல் பட்டியல். காய்க்குலையை வெட்டினால் எண்ணெய் குறையும் என்று காரணம் சொல்வது விளக்கம். நான்கும் வேண்டும், ஆனால் ஒன்றோடு ஒன்றைக் கலக்கக் கூடாது. முதல் நாள் வந்தவரிடம் கிராணியின் புத்தகத்தை நீட்டினால் மனுசன் ஓடியே போய்விடுவார்! நாங்கள் செய்ததும் அதுதான்.

ஆகவே திருப்பி எழுதினோம். முதலில் ஒரே ஒரு பாடம்: பெயரைத் தட்டி, சேமித்து, அச்சடிப்பது. அடுத்து, "கடிதம் எழுத", "மதிப்பெண் கூட்ட" என்று வேலையின் பெயரிலேயே தலைப்புகள். பிறகு அகர வரிசையில் கட்டளைகள். கடைசியில் காரணங்கள். ஒருவர் எழுதிய பக்கத்தை இன்னொரு மாணவர் படித்துச் செய்து பார்த்தார். அவர் தடுமாறிய இடத்தைத் திருத்தினோம். மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், எந்தப் பதிப்புக்கு எழுதியது என்றும் ஒவ்வொரு பக்கத்திலும் குறித்தோம்.

பெற்றோர்களே, நிரல் எழுதத் தெரிந்தவர்தாம் இத்தொண்டு செய்யலாம் என்று எண்ண வேண்டாம். "இந்த இடம் எனக்கு விளங்கல" என்று துணிந்து சொல்வதும் தொண்டுதான். அன்று அந்தத் தாயார் கேட்டிராவிட்டால் எங்கள் பிழை எங்களுக்கே தெரிந்திருக்காது. போன மாதம் அவர் அந்தக் கடிதத்தைத் தம் கையாலேயே தட்டி முடித்தார். இன்று இச்சபையில்தான் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன், என் நன்றி மட்டும் அவருக்கு.