ஓவனில் கொடுவா, மேலே கிரீம் சாஸ்

மீன் என்றாலே நமக்குக் குழம்பு, இல்லையென்றால் வறுவல். நார்வே, ஸ்காட்லாந்து போன்ற குளிர்க் கடலோரங்களில் வீட்டில் சாதாரணமாகச் செய்யும் ஒரு ராத்திரிச் சாப்பாட்டை இன்று பார்க்கலாம். ஓவனில் சுட்ட வெள்ளை மீன், அதன்மேல் கிரீம் சாஸ்.

அங்கே இதற்கு எடுப்பது காட், ஹாடக் என்ற மீன்கள். காட் மீனின் சதையில் நூறு கிராமுக்கு ஒரு கிராம் கொழுப்புகூட இருக்காது. இருக்கிற கொழுப்பையெல்லாம் அது ஈரலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். காட் லிவர் ஆயில் மாத்திரைக்குள் இருக்கும் மஞ்சள் எண்ணெய் அந்த ஈரலிலிருந்து எடுத்ததுதான். சதையில் கொழுப்பு இல்லாததால், ஓவன் சூட்டில் கொஞ்ச நேரம் கூடிப்போனாலும் மீன் சக்கையாகிவிடும். ஆகவே கிரீம் சாஸை அழகுக்காக ஊற்றுவதாக நினைக்க வேண்டாம். மீனிடம் இல்லாத கொழுப்பை அதுதான் கொடுக்கிறது.

நம் சந்தையில் இதற்குத் தோதான மீன் கொடுவா. கலவாயும் ஏற்றது. மத்தி, காணாங்கெளுத்தி வேண்டாம். அவற்றில் எண்ணெய் அதிகம், கிரீமும் சேர்ந்தால் திகட்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் இருந்தாலும், பண்ணையில் வளர்த்த கொடுவா கிடைக்கும்.

மீன் மட்டும் புதிதாக இருக்க வேண்டும். குழம்பில் புளியும் மிளகாயும் மறைத்துவிடும் வாடையை இந்த வெள்ளை சாஸ் காட்டிக்கொடுத்துவிடும். செவுளைத் தூக்கிப் பார்த்து, பளிச்சென்று சிவப்பாக இருந்தால் வாங்குங்கள். தோலும் நடுமுள்ளும் எடுத்து, சதையாகத் தரச் சொல்லுங்கள். தலையையும் முள்ளையும் கடையிலேயே விட்டுவிடாதீர்கள், மறுநாள் குழம்புக்கு ஆகும்.

நாலு பேருக்கு 600 கிராம் சதை போதும். உப்புத் தூவிக் கால் மணி நேரம் வையுங்கள். தண்ணீர் விடும், அதைத் துணியால் ஒற்றி எடுத்தால் சதை கெட்டிப்படும். ஓவனை 200 டிகிரியில் முன்கூட்டியே சூடாக்கி, தட்டில் வெண்ணெய் தடவி மீனை வையுங்கள். ஒரு அங்குலக் கனத்துக்கு 12 முதல் 15 நிமிடம் ஆகும். கடிகாரத்தை மட்டும் நம்பாமல், கனமான இடத்தில் முள்கரண்டியைச் செருகி லேசாகத் திருப்புங்கள். கண்ணாடி போன்ற நிறம் போய், சதை இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. மேலே வெள்ளையாகக் கசிந்து உறைந்தால் பதம் தாண்டுகிறது, உடனே வெளியே எடுங்கள்.

மீன் உள்ளே இருக்கும்போதே சாஸ் முடிந்துவிடும். 20 கிராம் வெண்ணெயை உருக்கி, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் நாலைந்தை நிறம் மாறாமல் வதக்குங்கள். அதே 20 கிராம் மைதாவைப் போட்டுப் பச்சை வாசனை போகப் பிரட்டுங்கள். பிறகு 300 மில்லி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டி தட்டாமல் கிளறுங்கள். கொதித்துக் கெட்டியானதும் தணலைக் குறைத்து, 100 மில்லி ஃப்ரெஷ் கிரீம் சேருங்கள். அதற்குமேல் கொதிக்க விடக் கூடாது. கரண்டியை முக்கி எடுத்து, அதன் முதுகில் விரலால் ஒரு கோடு போடுங்கள். கோடு அழியாமல் நின்றால் பதம் சரி.

இப்போது மீன் தட்டில் தேங்கியிருக்கும் சாற்றையும் சாஸில் ஊற்றிவிடுங்கள். மீனின் ருசி பாதி அதில்தான் இருக்கிறது. மிளகுத் தூள், துளி ஜாதிக்காய்த் தூள் போட்டு, உப்புப் பாருங்கள். எலுமிச்சை பிழிவது அடுப்பை அணைத்த பிறகுதான். கொதியில் பிழிந்தால் சாஸ் திரிந்துபோகலாம்.

ஓவன் இல்லாதவர்கள் இட்லிப் பானையில் ஆவியில் வைக்கலாம். எட்டு நிமிடத்தில் எட்டிப் பாருங்கள். சாஸ் இதேதான். தொட்டுக்கொள்ள வேகவைத்த உருளைக்கிழங்கும் பீன்ஸும் போதும், சுடுசாதமும் சேரும்.

செய்யும்போது கை தானாக மிளகாய்த் தூள் டப்பாவைத் தேடும். முதல் தடவை மட்டும் அதைத் திறக்காமல் சாப்பிட்டுப் பாருங்கள். கொடுவாவின் சொந்த ருசி தெரிந்துவிடும். அடுத்த தடவை உங்கள் இஷ்டம்.